அக்கரைத் தோப்பில் கூடாரம்

கூடாரம் போட வேண்டிய இடத்தில் நீர்க்காகம் ஒன்று முங்கி முங்கிக் குளித்துக்கொண்டிருந்தது.

துர்காதேவி ஸ்கூட்டரை ஏரிக்கரைமேல் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தாள். போனில் பச்சைப் புல்தரை, நடுவில் ஒரு கருவேல மரம், பின்னால் குன்று. எதிரே தண்ணீர், அதற்கு அப்பாலும் தண்ணீர். கருவேல மரத்தின் உச்சிக் கொண்டை மட்டும் வெளியே தெரிந்தது. குன்று மட்டும் சொன்ன சொல் தவறாமல் சொன்ன இடத்தில் நின்றது.

பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார் ஜோதிலட்சுமி, மடியில் கட்டிப்பிடித்திருந்த கூடார மூட்டையோடு மெதுவாக இறங்கினாள். கழுத்தை நீட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"அண்ணி, நம்ம கேம்ப்பு எங்க?"

"உள்ள கீது" என்றாள் துர்கா.

போன வாரம் துர்காதேவி மொட்டை மாடியில் நின்று 'இடம் ரெடி' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாளே, அந்த இடம்தான் இது. போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் இரவல் கொடுத்துத் தொலைத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் துர்கா. அதை இழுத்து மூடிவிட்டார்கள். கூடுவாஞ்சேரி வீட்டில் சும்மா உட்கார அவளால் முடியவில்லை. மழை ஓய்ந்து வெயில் இதமாகிவிட்ட இந்த மார்கழியில், தெருக்காரர்களையும் எதிர் அபார்ட்மென்ட்காரர்களையும் ஓர் இரவு வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தங்க அழைத்துப்போவது என்று கிளம்பினாள். சொந்தமாக அவள் ஆரம்பித்த முதல் காரியம் அது. பதினோரு குடும்பங்கள் பெயர் கொடுத்திருந்தன. மாமனார் உலகநாதன் மட்டும், வீடு வாசலை வைத்துக்கொண்டு எவனாவது வெளியில் படுக்க வருவானா என்று தினமும் காலை நாஸ்தாவோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாளை சனிக்கிழமை. நாளை சாயங்காலம் பதினோரு குடும்பமும் வந்து இறங்கும். இன்று வெள்ளிக்கிழமை காலை, இடம் ஏரிக்குள் இருந்தது.

துர்கா அந்தப் போட்டோவை எடுத்தது வைகாசியில், அம்மன் திருவிழாவுக்குப் பிறந்த ஊரான சித்தேரிப்பாக்கத்துக்கு வந்தபோது. வைகாசியில் ஏரி வற்றிக் கிடக்கும், உள்ளே மாடு மேயும். மார்கழியில் ததும்பும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அவள் அப்பாவின் நெல் விளைந்தது, அவளும் வளர்ந்தாள். வெளியூர்க்காரர் யாராவதாக இருந்தால் ஒரு வார்த்தை விசாரித்திருப்பார். துர்கா விசாரிக்கவில்லை. பிறந்த ஊரைப் போய் யாராவது விசாரிப்பார்களா?

ஜோதி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கூடார மூட்டையின் மேலேயே உட்கார்ந்து கண்ணீர் வர வர சிரித்தாள். துர்காவுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, கடைசியில் அவளுக்கும் சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த நாத்தனாரோடு அவள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

"சரி, எந்திரி" என்றாள் துர்கா. "இருட்டறதுக்குள்ள வேற எடம் பாக்கறோம்."

ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் கட்டியிருந்த கூடாரங்களை எல்லாம் சுமந்துகொண்டு ஊர் சுற்ற முடியாது. ஊருக்குள் போய், ஒன்றே ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அம்மா வீட்டில் இறக்கினார்கள். அங்கே அண்ணன் கலையரசன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் நல்லவன். தங்கைக்கு ஒன்று என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவன். கழனி முழுக்க நெல் நிற்கிறது, காலியாக இருப்பது மோட்டார் கொட்டகையை ஒட்டி எரு கொட்டி வைத்திருக்கிற மூலை ஒன்றுதான், அதில் யாரைப் படுக்க வைப்பது என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். கடற்கரைப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னான். அம்மா சாரதாம்பாள் இரண்டு பேருக்கும் இட்லியை வைத்து, முட்டிவலியோடு வாசல்வரை வந்து, வெட்டவெளியில் பனி இறங்கும், தலைக்குக் கட்டிக்கொள்ள எல்லாரையும் துணி கொண்டுவரச் சொல் என்றாள். இடமே இல்லாத முகாமுக்குத் தலைத்துணி ஏற்பாடாகிவிட்டது.

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் சாலையில் ஸ்கூட்டர் பறந்தது. காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. வழியில் எந்த மேட்டைப் பார்த்தாலும், எந்தத் தோப்பைப் பார்த்தாலும் ஜோதி முதுகில் தட்டி, அண்ணி அது, அண்ணி இது என்றாள். ஒன்றில் புதிதாக மனைக்கல் நட்டிருந்தது. ஒன்றில் செங்கல் சூளை. மூன்றாவதாக ஒரு குளக்கரை அழகாக இருந்தது, ஆனால் அது சுடுகாட்டுக்குப் போகிற வழி. அபார்ட்மென்டின் இரண்டாவது மாடித் தமிழ்ச்செல்வி அமாவாசைக்குப் பூசணிக்காய் சுற்றுகிறவள் என்பதால் அதை இருவரும் பேசாமலே கைவிட்டார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து மணலில் இறங்கி, ஒரு சவுக்குத் தோப்பில் ஜோதி கத்தியே விட்டாள். வரிசை வரிசையாக மரம், தரையெல்லாம் மெத்தை போலச் சருகு, மரத்துக்கு நடுவே நீலமாகக் கடல். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெஞ்சமின் என்பவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். தாராளமாக வந்து தங்குங்கள், ஆனால் முதலில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று சீக்கிரத்திலேயே தெரிந்தது.

கூடாரம் என்னவோ அழகாகத்தான் எழுந்தது. ஆரஞ்சு நிறத்தில், பின்னால் கடலோடு, பத்திரிகை அட்டையில் போடலாம் போல நின்றது. ஜோதி உள்ளே தலையை விட்டுப் பார்த்து, வெளியே வந்து, போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று கிளம்பியது. மணலில் அடித்த முளைகள் வெண்ணெயில் செருகிய குச்சி மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்றன. கூடாரம் ஒருமுறை குதித்தது, இரண்டுமுறை உருண்டது, பிறகு கடற்கரையை நோக்கி ஓடியது. துர்கா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். ஜோதி துப்பட்டாவை விட்டுவிட்டு ஓடினாள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வழி சொன்னார்கள். கடைசியில் கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் மூக்கில் அது மாட்டிக்கொண்டது.

முளைக்கு வேண்டுமானால் மணல் மூட்டை வைத்துக்கொள்ளலாம் என்று துர்கா மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குப் போட்டாள். ஆனால் கருவாட்டுப் பெண்களில் மூத்தவள் இன்னொன்று சொன்னாள். ஆமை கரையேறி முட்டை வைக்கிற காலம் தொடங்கிவிட்டது. இரவில் இந்தக் கரையில் வெளிச்சம் காட்டக் கூடாது, தீ மூட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. ஊரே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. துர்காவோ முகாம் நெருப்பு, சுற்றி உட்கார்ந்து பாட்டு என்றுதான் விளம்பரமே செய்திருந்தாள். பிள்ளை பெற வருகிற ஆமையிடம் போட்டி போட அவளுக்கு மனமில்லை. கூடாரத்தை மடித்தாள்.

அதற்குள் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்திருந்தது. லொகேஷன் அனுப்புங்க மேடம் என்று குழுவில் முதலில் கேட்டது தமிழ்ச்செல்வி. அவளைத் தொடர்ந்து ஆறு பேர். ஒருவர் பிள்ளைகளுக்கு டார்ச் வாங்கியாயிற்று என்று படம் போட்டிருந்தார். இன்னொருவர் வீட்டுக் குழந்தை நேற்றிலிருந்து ஹாலில் பெட்ஷீட்டால் கூடாரம் கட்டி அதற்குள்ளேயே சாப்பிடுகிறதாம். இப்போது இடமில்லை என்று சொன்னால் அந்தத் தெருவில் துர்கா அடுத்து எதைச் சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. மாமனார் ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாமல் டீயை உறிஞ்சுவார். அதுதான் தாங்காது.

கணவன் தீனதயாளன் சபரிமலைக்கு சாமிகளை ஏற்றிக்கொண்டு போன வேனோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். மதுரைக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைத்து அழைத்தான். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் கேட்டுவிட்டு, காலையில் வந்துவிடுவேன், சாயங்காலம் வண்டி தயாராக நிற்கும், எங்கே என்று மட்டும் சொன்னால் போதும் என்றான். அந்த 'எங்கே'தானே இல்லை?

வேறு வழியில்லாமல், மீதிக் கூடாரங்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம் என்று மறுபடி சித்தேரிப்பாக்கத்துக்கே வண்டியைத் திருப்பினாள். ஏரிக்கரையில் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் பார்த்துச் சிரித்த அதே இடத்தில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். தண்ணீர் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது. ஜோதி எதிர்க்கரையைக் காட்டினாள்.

"அண்ணி, அந்தாண்ட இன்னா கீது?"

"எங்க?"

"அதோ, மரமா கீதே. மேட்டுமேல."

"அங்க ஒண்ணும் இல்ல ஜோதி."

"ஒண்ணும் இல்லாத எடத்துல ஸ்டார் எரியுது?"

துர்கா பார்த்தாள். எதிர்க்கரை மேட்டில், மாமரங்களின் தலைக்கு மேல், நெட்டைக் கழியில் ஒரு பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நட்சத்திரத்தின் அடியில் செம்மண் மேடு, மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடிவிடுகிற மேடு. காற்றை மறைக்க மரம், ஏரியைப் பார்த்த முகப்பு, பின்னால் அதே குன்று. போனில் இருந்த படத்தைவிட அழகான படம் அது. அவள் பிறந்ததிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரைவரை ஒரு மேடு விடாமல் பார்த்தவள், சொந்த ஊர் ஏரிக்கு அந்தப் பக்கத்தை மட்டும் ஓர் இடமாகவே நினைக்கவில்லை. அது காலனி. ஊர்ப் பிள்ளைகள் கரைமேல் ஓடினால் ஏரி நிரம்பி வழிகிற கலங்கல்வரை ஓடுவார்கள், அங்கே திரும்பிவிடுவார்கள். போகாதே என்று யாரும் சொன்னதாகக்கூட அவளுக்கு நினைவில்லை. கால் தானாகத் திரும்பும், அவ்வளவுதான். துர்காவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அடக்கமாட்டாத சந்தோஷம் அது, இடம் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"ஏறு வண்டில" என்றாள்.

கழனி ஓர வண்டிப்பாதையில் சுற்றிப்போய் மேட்டில் ஏறியதும் வாசலில் வந்து நின்றது ஷாரோன். திருக்கழுக்குன்றம் பள்ளியில் துர்காவின் வகுப்புத் தோழி. இப்போது அணுபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர், கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டேயிருக்கும். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அப்பா ராஜேந்திரன் சீரியல் விளக்கின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் துர்காவின் அப்பாவிடம் டிராக்டர் ஓட்டியவர். பிறகு கல்பாக்கம் பக்கம் வேலைக்குப் போய், வருஷக்கணக்கில் சேர்த்து இந்த மேட்டை வாங்கி, ஒவ்வொரு மரமாக வைத்தவர். வாம்மா என்றார், அத்தோடு மறுபடி விளக்குச் சரத்துக்குள் போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சுமுறுக்கும், மாவைச் சுருட்டிப் பொரித்த கல்கலும் தட்டில் வந்தன. ஜோதிக்கு இந்த ஊர்க் கதை எதுவும் தெரியாது. பசியில் இருந்தவள் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள். துர்காவும் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். நன்றாக இருந்தது, இன்னொன்றும் எடுத்தாள். வாயில் முறுக்கோடே வந்த காரியத்தைச் சொன்னாள்.

ஷாரோன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்பைச் சுற்றிக் காட்டினாள். கூடாரத்துக்குச் சமதளம் இருந்தது. நெருப்பு மூட்ட, மேலே கிளை கவியாத வெளி இருந்தது. அடிபம்பு இருந்தது. தோப்பின் கோடியில், வருஷா வருஷம் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்காகக் கட்டிய கழிப்பறைகள் வரிசையாக, கதவோடு, தாழ்ப்பாளோடு, குழாயோடு இருந்தன. துர்கா ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். தாஜ்மகாலைப் பார்த்தவர்கள்கூட அவ்வளவு உருகியிருக்கமாட்டார்கள்.

"எங்க தோப்ப வந்து கேக்கறதுக்கு ஒனக்கு இவ்ளோ நாளாச்சு" என்றாள் ஷாரோன். "ஸ்கூல் வுட்டு டெய்லி ஒரே பஸ்ஸுல எறங்குவோம். நீ இந்தாண்ட போவ, நான் அந்தாண்ட போவேன்."

துர்கா திறந்த தாழ்ப்பாளையே மறுபடி போட்டு எடுத்தாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாளோ என்னவோ, ஷாரோன் தோப்பைத் தருகிறேன் என்றாள். பெரிய மழையில் காலனிப் பாதையின் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, வேன் வரவேண்டுமென்றால் கலையரசன் கழனி ஓரமாகப் போகிற வண்டிப்பாதையில்தான் வரவேண்டும், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள் என்றாள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று துர்கா சொன்னாள். அப்படித்தான் நினைத்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கீது" என்றாள் ஷாரோன். "குரூப்புல அட்ரஸ் போடுவல்ல? எங்க பேரு, பெத்தேல் நகர்னு போடணும். சித்தேரிப்பாக்கம் அருகில்னு போடக்கூடாது."

அவள் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சகத்துக்காரர் நல்லது செய்வதாக நினைத்து ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை அம்மன் கோயில் வாசலில் நிறுத்தி வழி கேட்டு, முகம் திருப்பிக்கொண்ட ஆட்களிடம் நின்றார்களாம். அதற்கப்புறம் அவள் எதிலும் அந்தப் பெயரைப் போடவிடுவதில்லை. துர்கா சரி என்றாள், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

யோசிக்கவைக்கிற ஆள் அடுத்த நிமிஷமே போனில் வந்தான். ஜோதி நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்திருந்தாள். வீட்டிலிருக்கிற கூடாரங்களை அப்படியே பெத்தேல் நகருக்குக் கொண்டுவந்து தரமுடியுமா என்று கலையரசனுக்கே போன் போட்டுக் கேட்டிருந்தாள்.

"அங்க இன்னாத்துக்கு போன?" என்றான் கலையரசன். குரலில் காலையில் இருந்த சிரிப்பில்லை.

இடம் கிடைத்ததைத் துர்கா மகிழ்ச்சியாகவே சொன்னாள். அவன் முழுதும் கேட்கவில்லை. எரு மேட்டை இப்போதே ஆள் வைத்து வாரிவிடுகிறான், விடியுமுன் மண் கொட்டிச் சமன் செய்துவிடுகிறான், மோட்டார் தண்ணீர் இருக்கிறது, லைட் போட்டுத் தருகிறான், சமையலுக்கு அவன் பெண்டாட்டி இருக்கிறாள். எது வேண்டுமானாலும் செய்கிறான். அங்கே மட்டும் வேண்டாம்.

"அண்ணா, எடம் நல்லா கீது."

"நல்லா கீறது எனக்குத் தெரியாதா? நாளைக்கு கோயில்ல ஊர் ஒக்காரும்போது நாலு பேரு இன்னா பேசுவாங்கோ? நீ வந்துட்டு போயிடுவ. நான் இங்க இருக்கறவன்."

அவன் சொன்னதில் பொய் ஏதுமில்லை என்பதுதான் துர்காவைக் குடைந்தது. அப்பா போன பிறகு அவளுக்குத் தீபாவளிச் சீர் ஒரு வருஷம்கூடத் தவறவிடாத அண்ணன். அவனைக் கோபப்படுத்தி அவளுக்குப் பழக்கமில்லை.

"அங்கதான் போடுவேன்னா போடு" என்றான் கடைசியில். "வேன் எப்டி வருதுனு நானும் பாக்கறேன்."

போன் சத்தம் பெரிது. ஷாரோன் கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் காதில் விழுந்திருக்கும். திரும்பாமலே, போவதென்றால் போ துர்கா, நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் துர்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதெல்லாம் பழகிப்போனவள் சொல்வது போலச் சொன்னாள்.

எரு மேட்டில் கூடாரம் போடலாம். குழந்தைகளுக்கு என்ன தெரியப்போகிறது? பதினோரு குடும்பமும் சந்தோஷமாகத்தான் திரும்பும். துர்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு இருபக்கமும் இழுத்தது. தாழ்ப்பாள் போட்டுப் பார்த்த கழிப்பறைகளும், வாயில் இன்னும் இனித்துக்கொண்டிருந்த அச்சுமுறுக்கும், பஸ்ஸை விட்டு இறங்கி இந்தாண்ட போன எல்லா சாயங்காலங்களும் ஒரு பக்கம். மறுபக்கம் அண்ணன் ஒருவன்தான், ஆனால் கனமானவன்.

"ஜோதி, அந்த மாமரத்துகிட்ட போய் நில்லு" என்றாள். "ஸ்டாரும் தெரியணும்."

போட்டோ எடுத்தாள். கீழே தட்டினாள்: 'நம் முகாம் இங்கேதான். ஷாரோன் தோப்பு, பெத்தேல் நகர்.' அனுப்பினாள். உடனே கைதட்டலும் இதயமும் மழையாகக் கொட்ட ஆரம்பித்தன. டார்ச் வாங்கியவர் மரத்தில் ஊஞ்சல் கட்டலாமா என்று கேட்டார். தமிழ்ச்செல்வி, இவ்வளவு அழகான இடத்தை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள் என்று கேட்டிருந்தாள். அதற்கு மட்டும் துர்கா பதில் போடவில்லை. ஷாரோன் அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்து, தன் ஊர்ப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு விசிலை எடுத்துச் சின்னதாக ஊதினாள்.

மூன்று பெண்களுமாகக் கையிலிருந்த ஒரு கூடாரத்தை மேட்டில் போட்டுப் பார்த்தார்கள். செம்மண் முளையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. ஜோதி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்தாள். எந்த மரத்தடியில் யார், எங்கே அடுப்பு, காலையில் யார் பொங்கல் கிண்டுவது என்று ஷாரோன் விசிலும் கையுமாகத் திட்டம் போட்டாள். துர்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மீதி முளைகளைக் கல்லால் அடித்துக்கொண்டே பேசினாள்.

சாரதாம்பாள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துப் பக்கம் வந்து நின்றுகொண்டு பேசுகிறாள் போலிருக்கிறது, கோழிச் சத்தம் கேட்டது.

"துர்கா, ஒங்கண்ணன் டிராக்டர இட்டுனு போயி வண்டிப்பாதைல குறுக்க வுட்டுட்டு வந்துட்டான். ஒரு ஆளு நடந்துதான் போவலாம், வேனு போவாது."

துர்காவின் கையிலிருந்த கல் நின்றது. ஷாரோன் நிமிர்ந்தாள்.

"சாவிய ஆணியில மாட்டிட்டு குளிக்கப் போனான். நான் எடுத்து மடியில வச்சிகினுகீறேன்" என்றாள் அம்மா. "எடுத்துட்டேன், எனக்கு ஓட்டத் தெரியணுமே. ராஜேந்திரன் அங்கதான கீறான்? அவனுக்குத் தெரியும். விடிஞ்சதும் வூட்டுக்கு வந்து சாவிய வாங்கினு போவச் சொல்லு."

துர்கா மெதுவாகக் கேட்டாள். "வூட்ல எங்க வரணும்மா? தோட்டத்துப் பக்கமா?"

கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "முன்வாசல்லதான். உள்ள வரட்டும்" என்றாள் சாரதாம்பாள். அதைச் சொல்ல அம்மாவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று துர்காவுக்குத் தெரியும்.

நாற்காலியில் ராஜேந்திரன் விளக்குச் சரத்தைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, போனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். அந்த வீட்டு டிராக்டரை எத்தனையோ வருஷம் ஓட்டியவர், சாவியை ஒவ்வொரு காலையும் தோட்டத்து வேலிக்கு மேலாக வாங்கிக்கொண்டவர். அவர் குரல் உயரவில்லை.

"நான் அவங்க வூட்டாண்ட எவ்வளவோ வாட்டி வந்துகீறேம்மா. இந்த வாட்டி அவங்க இங்க வந்து குடுக்கட்டும். டீ போட்டு வெக்கறேன்."

ஜோதிகூடக் கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். போனில் சத்தமே இல்லை. அம்மா வைத்துவிட்டாள் என்றே துர்கா நினைத்தாள். கெட்டது காரியம், நாளை வேனும் இல்லை, முகாமும் இல்லை, அம்மாவும் இல்லை என்று நினைத்தாள்.

"சக்கர கம்மியா போடச் சொல்லு" என்றாள் சாரதாம்பாள்.

துர்கா வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அம்மா, சாவி எங்க? யார்கூட பேசிகினுகீற?" என்றது கலையரசனின் குரல். இணைப்பு அறுந்தது.